தரங்கம்பாடிக்கு வந்த பால்டிக் கப்பல்

மயிலாடுதுறையில் பேருந்து ஏறினால் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டித் தரங்கம்பாடி. வழிநெடுக வாய்க்காலும் மதகும் வயலும்தான். காவிரியின் கடைமடை இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கிற பூமி.

இங்கே வந்து கோட்டை கட்ட டென்மார்க்காரருக்கு, அதாவது டேனியருக்கு, என்ன வேலை? வட ஐரோப்பாவில் பால்டிக் கடலுக்குள் நுழைய ஓரசுண்ட் என்றொரு நீரிணை. ஒடுங்கிய இடத்தில் அகலம் நாலு கிலோமீட்டர்தான். அதைக் கடக்கிற கப்பல்களிடம் டென்மார்க் மன்னர்கள் சுங்கம் வசூலித்தார்கள், 1857 வரைக்கும். உட்கார்ந்த இடத்தில் காசு பார்த்த அந்த அரசுக்கு டச்சுக்காரரின் மிளகு வியாபாரத்தைப் பார்த்து ஆசை வந்தது. 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். முன்னோடியாக அனுப்பிய கப்பலின் பெயரும் ஓரசுண்ட்தான். காரைக்கால் பக்கம் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கினார்கள். தலைவர் ரோலண்ட் கிராப் சிலரோடு தப்பித்து, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் கை ஓங்கியிருந்த காலம். போட்டிக்கு இன்னொரு வியாபாரி வந்தால் நாயக்கருக்குக் கசக்குமா? 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆனது. தங்கத் தகட்டில் நாயக்கர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை அப்போது எழுந்ததுதான். கீழே கிட்டங்கியும் சிறையும். மேலே ஆளுநர் இருப்பிடம். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே வாழ்ந்தவர்கள் பாடு திண்டாட்டம். 1643க்குப் பிறகு கால் நூற்றாண்டு தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. செத்தவர் போக, ஒரு கட்டத்தில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர். எஸ்கில் கோங்ஸ்பாக்க என்ற சாதாரண ஆள். உள்ளூர் மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கோட்டையை விடாமல் காத்தார். 1669இல் கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. மன்னர்களைவிட இந்த மனிதரைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

1706இல் வந்த மதபோதகர் சீகன்பால்குவைப் பற்றிப் பலருக்கும் தெரியும். தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் பட்டறையே போட்டார்கள். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

1845இல் டேனியர் இந்தியாவில் தங்களுக்கிருந்த வேறு இடங்களோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்சகாலம் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடித் துறைமுகத்தின் கதை அதோடு முடிந்தது.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். டேனியருக்கு முந்நூறு ஆண்டு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கருங்கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆறு கொண்டுவந்து சேர்க்கிற மணல், அலை அள்ளுகிற மணலுக்கு ஈடாகிற வரைக்கும்தான் டெல்டாவின் கரை நிற்கும். 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

வருகிறவர்களில் பலர் கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு காரைக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அரைநாள் ஒதுக்கி, வெயிலுக்கு முன்னே வந்து, முதலில் கோயிலைப் பாருங்கள்.