பட்டியல் வேறு, பதிவேடு வேறு

(அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி நிறைவில் நிகழ்த்திய உரை)

 

நமது குடும்பப் பதிவேட்டைக் காகிதப் பேரேட்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஆக்சஸுக்கு மாற்றிய ஆண்டிலேயே நாங்கள் ஒரு தவறு செய்தோம். கல்வி உதவி பெறும் குடும்பங்களை மட்டும் குவெரி எனப்படும் வினவல் மூலம் எடுத்தோம். பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்ட குடும்பங்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினோம். “நிச்சயமாக நீக்கலாமா?” என்று கணினி கேட்டது. வெறும் பட்டியல்தானே என்று “ஆம்” சொன்னோம்.

அடுத்த மாதம் ஒரு தாய் மருத்துவ உதவி கேட்டு வந்தார். பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. நாங்கள் நீக்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று!

காரணம் இதுதான். வினவல் நாம் கேட்கும் கேள்வியை மட்டுமே சேமிக்கிறது, பதிலைச் சேமிப்பதில்லை. திறக்கும்போதெல்லாம் மூல அட்டவணையிலிருந்து பதிலைத் திரட்டிக் காட்டுகிறது. பார்க்க அட்டவணை போலிருந்தாலும் அது தற்காலிகமானது. ஆனால் அதில் தெரியும் வரிகள் மூல அட்டவணையின் வரிகள். ஒரே அட்டவணையிலிருந்து எடுத்த சாதாரண வினவலில் ஒரு வரியை நீக்கினால், மூலத்திலும் அது போய்விடும். ஃபில்டர் போட்டுப் பார்ப்பதும் அப்படியே. அது வேண்டாத வரிகளை மறைக்கிறதே தவிர, தனி அட்டவணை எதையும் உண்டாக்குவதில்லை.

தனிப் பிரதி வேண்டுமென்றால், புது அட்டவணையை உருவாக்கும் வினவல் தனியாக உண்டு. அந்தப் பிரதியைத் திருத்தினால் மூலத்துக்குச் சேதமில்லை. ஆனால் நாளை மூலத்தில் சேரும் பெயர் அந்தப் பிரதிக்குத் தானாக வராது.

ஆகவே இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு முறையும் வினவலைப் புதிதாகத் திறக்கிறோம். யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கைத் தனி அட்டவணையாக வைக்கிறோம். ஓர் உதவி முடிந்தால் வரியை நீக்குவதில்லை; “கல்வி உதவி” என்ற கட்டத்தில் “இல்லை” என்று மாற்றுகிறோம். வினவலை அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பெயர் பட்டியலில் வராது. பதிவேட்டில் பத்திரமாக இருக்கும்.

அந்தத் தாயின் விவரத்தைப் பழைய பேரேட்டைப் பார்த்து மீண்டும் சேர்த்தோம்; உதவியும் கொடுத்தோம். அன்று பேரேடு கைவசம் இல்லாதிருந்தால்? பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நீக்கும் முன் ஒரு கணம் நிதானியுங்கள்.