சோலையும் புல்வெளியும்



இப்பத்தாண்டுகளில் கவியரங்குகளில் நான் பாடிய பறவைகளை எண்ணிப் பார்த்தேன். குயில், மயில், கிளி, அன்னம். நான்குக்கு மேல் விரல் மடங்கவில்லை. அவற்றுள் அன்னத்தைக் கண்டதுமில்லை. அந்த நாணத்தோடுதான், பறவை நோக்கும் நண்பர் ஒருவருடன், வனத்துறையின் அனுமதி பெற்று நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குச் சென்றேன்.

ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேடெல்லாம் புல், நீர் கசியும் மலைமடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. சோலை என்றதும் நாம் பூம்பொழிலை நினைத்துப் பாடிவிடுகிறோம். அங்கே அது ஒரு தனிவகைக் காடு. உள்ளே நண்பகலும் அந்தி போல் இருக்கிறது.

முதலில் கேட்டது சிரிப்பு. நாலைந்து பேர் புதருக்குள் ஒளிந்துகொண்டு எள்ளி நகையாடுவது போன்ற ஒலி. நீலகிரிச் சிரிப்பான் என்றார் நண்பர். கவிஞன் ஒருவன் இவ்வளவு பிந்தி வந்தானே என்று சிரித்தனவோ என்னவோ! வெண்புருவமும் செம்பழுப்பு மார்பும் கொண்ட அப்பறவை நீலகிரிக்கே உரியது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி, ஆனைமலைகளில் வாழ்வது அதன் உறவினமே, அது அன்று.

சோலையின் ஈரத் தரையில் கருநீலச் சிறு பறவை ஒன்று தத்தித் தத்தி வந்து மறைந்தது. 2017-இல் வி. வி. ராபினும் அவர்தம் குழுவினரும் அதற்குத் தனிப் பேரினம் வகுத்து 'ஷோலிகோலா' எனப் பெயரிட்டனர். சோலையில் உறைவது என்பது பொருள். நம் சொல் அறிவியலார் ஏட்டில் ஏறியதைக் கவிஞராகிய நாம் அறியாதிருந்தோம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். வெற்று மேடெல்லாம் மரம் நடுக என்று முன்பு ஒரு கவிதை பாடினேன், கைதட்டலும் பெற்றேன். முக்கூர்த்தியில் அந்த 'வெற்று மேட்டில்' நின்றபோது, காலடிப் புல்லிலிருந்து ஒரு பழுப்புப் பறவை எழுந்து பறந்தது. நீலகிரி நெட்டைக்காலி. புல்லிடையே தரையில் கூடு கட்டுவது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமென நட்ட சீகை மரங்கள் பரவிய இடங்களில் புல் மாய்ந்தது. புல்லோடு நெட்டைக்காலியும் போயிற்று. நட்டவர்களும் வெற்று மேடு என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

இம்மலருக்கு அக்கவிதையைக் குழுவினர் கேட்டனர். தர மறுத்துவிட்டேன். வேறொன்று எழுத வேண்டும்; நெட்டைக்காலியின் குரலை இன்னும் சரிவரக் கேட்கவில்லை. மீண்டும் செல்ல அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.