கிராமத்தின் தேய்வு இயற்கையின் விதியன்று

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நகரம் வளர்ந்தால் கிராமம் தேய்வது இயல்பே என்று முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்கள் கூறுகின்றனர். ஒன்றிய அரசின் 2022-23 ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு இதை மறுக்கிறது. இந்திய அளவில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய். நகரத்தில் 6,459 ரூபாய். அதாவது 71 சதவீதம் அதிகம். கேரளத்திலோ கிராமத்தில் 5,924 ரூபாய். நகரத்தில் 7,078 ரூபாய். இடைவெளி 20 சதவீதத்துக்கும் குறைவே.

வளைகுடாப் பணத்துக்கும் இதில் பங்குண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடித்தளம் இட்டவை போராட்டங்களே. இந்நகரை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்க வயல்வேலையை நிறுத்தச் செய்தார். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. 1974 இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது.

எனினும் நாம் நிறைவு கொள்ள இடமில்லை. 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த கேரளத்தின் நெற்பரப்பு இன்று ஏறத்தாழ இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டது. 2011 இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை ஐந்தே ஆண்டுகளில் பாதியாக வீழ்ந்தது.

இந்நகரின் கட்டடங்களை எழுப்பும் வங்க, பீகார், ஒடிசா தொழிலாளர்கள் யார்? நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட கிராமங்களின் பிள்ளைகள். அக்கிராமங்கள் தேயும்வரை கேரளம் மட்டும் தனித்து வாழ இயலாது. நிலம், கூலி, கட்டுபடியாகும் விலை, வேலை உத்தரவாதம் ஆகிய நான்கு கோரிக்கைகளையும் நாடெங்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுசெல்வோம்!