முதிர்ந்த மல்லிகைக்குப் புத்துயிர்
(கொட்டாஞ்சேனையில் நிகழ்த்திய உரை)



சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் விளங்கும் இவ்வூரில், மல்லிகைப் பூவின் தேவையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், நெல்லும் மரக்கறியும் பயிரிடும் நம்மிற் பலர், கிணற்றடியில் நிற்கும் பழைய மல்லிகை பூக்கவில்லை என்று அதனை வேரோடு பிடுங்கிவிடுகின்றோம். அது தவறு. மல்லிகை புதுத்தளிரிலேயே பூக்கும். செடி ஓயவில்லை, தளிர் விடுவதே நின்றுள்ளது.

பூ ஓய்ந்த காலத்தில், காய்ந்த கொம்புகளையும் நோயுற்ற கொம்புகளையும் அடியோடு நீக்குக. எஞ்சியவற்றை நிலத்திலிருந்து 1½ அடி உயரத்திற் கூரிய கத்தியால் வெட்டுக. அடிமண்ணைக் கொத்தி, மக்கிய மாட்டெரு இட்டு, நீர் ஊற்றுக.

கன்றுக்குப் பணம் செலவிடவும் வேண்டாம். தாழ்ந்த கொம்பொன்றை வெட்டாது விடுக. அதனை வளைத்து, ஒரு கணுவின் கீழ்ப்பட்டையைச் சிறிது சீவி, 2 அங்குல ஆழத்திற் புதைத்து, மேலே கல் வைக்க. நுனி வெளியே நிற்கட்டும். ஏறக்குறைய 3 மாதத்தில் வேர் பிடித்ததும், தாய்ச்செடியினின்று பிரித்து நடலாம்.

ஓர் எச்சரிக்கை. நான் முதன்முதலிற் பதிவைத்தபோது நீர் தேங்கும் பள்ளத்திற் புதைத்தேன். கொம்பு அழுகிப் போயிற்று. கொழும்பு மழைக்கு மேட்டுமண்ணே ஏற்றது.

ஆகவே, பிடுங்குமுன் இம்முறையை ஒருமுறை செய்து பாருங்கள். பாட்டி நட்ட மல்லிகை பேத்திக்கும் பூக்கும்.