வங்கத்தில் நம் உணவும் உடல்நலமும்



கொல்கத்தாவின் தென்பகுதியில் லேக் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. அதன் வடக்கே செல்லும் ரயில் பாதையைக் கடந்தால் ரவீந்திர சரோவர் என்னும் பெரிய ஏரி. 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டார் சதுப்பாகக் கிடந்த நிலத்தை வெட்டி அமைத்த ஏரி இது. 1958-இல் மகாகவி ரவீந்திரநாதரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. நீர்ப்பரப்பு மட்டுமே ஏறத்தாழ 73 ஏக்கர். சுற்றிலும் மரநிழலும் நடைபாதைகளும் உள்ளன. இவ்வளவு அருமையான இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கு வாழும் நம்மவரில் பலர் நாற்பது வயதுக்குள் இடுப்புப் பட்டையில் புதுத்துளை போடும் நிலைக்கு ஏன் வந்துவிடுகிறோம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

லேக் கார்டன்ஸிலும், சற்று வடக்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் சில தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குமாஸ்தாக்களாகவும், சுருக்கெழுத்தாளர்களாகவும், கணக்கர்களாகவும் கல்கத்தாவின் வர்த்தக நிறுவனங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தோர் அவர்களுள் பலர். ரயிலேறி வந்த அம்முன்னோர்கள் மொழியையும் பாட்டையும் பண்டிகையையும் கொண்டு வந்தார்கள். இலையில் பரிமாறும் முறையையும் விடாது கொண்டு வந்தார்கள். ஊரில் விட்டு வந்தது ஒன்று உண்டு. அதுதான் உழைப்பு.

நம் சாப்பாட்டு முறை எத்தகைய உடலுக்காக அமைந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து ஏற்றம் இறைத்தவன், நாற்று நட்டவள், உலக்கை பிடித்து நெல் குத்தியவள், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவள், சந்தைக்கு ஐந்து மைல் நடந்து சென்று திரும்பியவன் ஆகிய இவர்களுக்கு ஏற்பட்டது மலைபோல் சோறும் அதற்குத் தொட்டுக்கொள்ளச் சிறிது காயும் என்ற ஏற்பாடு. அவர்களில் பலர் அந்த அரிசிச் சோற்றைக்கூட நாள்தோறும் கண்டதில்லை. கேழ்வரகும் கம்பும் சோளமுமே அவர்களுடைய அன்றாட ஆகாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த கணக்கின்படி, கடின உழைப்பாளியான ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு 2,110 போதும். பெண்களுக்கு இக்கணக்கு முறையே 2,720, 1,660 ஆகும். இரண்டுக்கும் இடையே ஆயிரத்துக்குக் குறையாத வேறுபாடு! உழவனுக்கு உரிய படியை உண்டுவிட்டுக் கணக்கனுக்கு உரிய வேலையைச் செய்தால், மிஞ்சியது எங்கே போகும்? வயிற்றைச் சுற்றித்தான் தங்கும்.

இந்த ஆபத்தைக் கல்கத்தா நகரம் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார், வெப்ப நாடுகளில் காணும் நீரிழிவைப் பற்றி ஒரு விவாதம் நடத்தினர். வங்காளத்தில் படித்து, உத்தியோகம் பார்த்து, உட்கார்ந்தே பொழுது போக்கும் வகுப்பினரிடையே இந்நோய் மிகுந்திருப்பது அங்கு எடுத்துரைக்கப்பட்டது. அன்று அது நீதிபதிகளையும் வக்கீல்களையும் ஜமீன்தார்களையும் பிடித்த நோய். இன்றோ வசதி பார்த்து வருவதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

"நான் பருமன் இல்லையே, எனக்கென்ன?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒரு செய்தி. புனே நகரின் டாக்டர் யாஜ்னிக், லண்டன் நகரின் டாக்டர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலிலோ 21.2 சதவீதம். மெலிந்த தோற்றமும் உள்ளே மறைந்த கொழுப்பும் சேர்ந்தே நமக்கு வாய்த்திருக்கின்றன. ஆகவே எடைக் கருவி சொல்வதை மட்டும் நம்பி ஆறுதல் அடைதல் கூடாது.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறேன். உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு கயிற்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தொப்புளை ஒட்டி உங்கள் இடையைச் சுற்றி வர வேண்டும். முனைகள் தொடாமற்போனால் உங்கள் வயிற்றில் வேண்டாத கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அளவு நாடா இருப்பவர்கள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

இனி இலைக்கு வருவோம். 2024-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2,000 கலோரிக்கு ஒரு நாள் உணவு இன்னின்ன அளவில் இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளனர். அதில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத நிலையில் 250 கிராம். காய்கறியும் கீரையுமோ 400 கிராம்! பருப்பு 85 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதை நம் வீட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் இட்லி, அதுவும் அரிசி. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மும்முறை அரிசி. மாலைச் சிற்றுண்டியில் அவல். இரவில் தோசை. பெயர்கள் பல, பொருள் ஒன்றே. காய் எங்கே என்று கேட்டால் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலைக் காட்டுகிறோம்.

சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. அது நடக்காத காரியம்; தேவையும் இல்லை. பரிமாறும் வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் கூட்டும் பொரியலும் கீரையும் தாராளமாக இலையில் விழட்டும். அவற்றில் பாதி உண்ட பிறகு சோறு வரட்டும். ஒரு முறை சாம்பாருக்கு, ஒரு சிறு பிடி மோருக்கு. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிடலாம். இப்படிச் செய்தால் எந்த மருந்துக்கடைக்கும் போகாமல் அரிசியில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும்.

இவ்வகையில் வங்காளம் நமக்குச் செய்திருக்கும் உதவியை நம்மில் பலர் உணர்வதில்லை. லேக் மார்க்கெட்டுக்குச் சென்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கூடைகளைப் பாராமலே திரும்பிவிடுகிறோம். அங்கே 'மோச்சா' என்று விற்பது வாழைப்பூ. நம் மொச்சை அன்று. 'தோர்' என்பது வாழைத்தண்டு. 'உச்சே' சிறு பாகல், 'லாவ்' சுரைக்காய், 'கொல்மி ஷாக்' வள்ளைக்கீரை. சென்னையில் வாழைத்தண்டைத் தேடி அலைபவர்கள், அதைக் கூறு போட்டு நறுக்கியே தரும் இந்த ஊரைக் கண்டால் பொறாமை கொள்வார்கள்! வங்காளியர் பகலுணவைக் கசப்பில் தொடங்கும் வழக்கமும் கவனிக்கத்தக்கது. பாகல், வாழைக்காய், முருங்கை முதலியவற்றைக் கொண்டு ஆக்கும் 'ஷுக்தோ'வை முதலில் உண்கின்றனர். இளவேனிலில் வேப்பந்தளிரைக் கத்தரிக்காயுடன் வறுத்து உண்கின்றனர். காய்கறியை முதலில் உண்ணும் இந்த நல்வழக்கம் நம் கண்ணெதிரே, அண்டை வீட்டிலேயே இருக்கிறது. நாமோ அண்டை வீட்டாரிடமிருந்து ரசகுல்லாவை மட்டும் கற்றுக்கொண்டோம்.

இனிப்பைப் பற்றியும் ஒரு சொல். விருந்தினராகச் சென்ற வீட்டில் வங்காளியர் அன்போடு நீட்டும் சந்தேஷை மறுப்பது மரியாதை ஆகாது. ஒன்றை மகிழ்ச்சியோடு உண்டு வாருங்கள். குளிர்காலத்தில் பேரீச்ச வெல்லத்தில் செய்யும் பண்டங்களைச் சுவையாமல் இவ்வூரில் வாழ்ந்து பயன் என்ன? ஆபத்து விருந்தில் இல்லை. நாள் தவறாது, பசி இல்லாமலே, கணக்கும் இல்லாமல் உட்செல்லும் சர்க்கரையில் இருக்கிறது. நாளைக்கு நான்கு தம்ளர் காப்பி அருந்துபவர் ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இட்டால் 40 கிராம், அதாவது 160 கலோரி ஆயிற்று. அதைச் செலவழிக்க அரை மணிக்கும் மேலாக விரைந்து நடக்க வேண்டும்! சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். அப்பளம், ஊறுகாய், வற்றல் ஆகியவற்றில் உள்ள உப்பையும் நினைவில் வைக்க வேண்டும்; உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பை அனுமதிக்கிறது.

தாய்மார்களிடம் தனியே ஒரு விண்ணப்பம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்ணும் நீங்கள், காய் தீர்ந்துபோய் மீந்திருக்கும் சோற்றை, "வீணாகிறதே" என்று நீங்களே உண்டுவிடுகிறீர்கள். குழந்தை வைத்துவிட்டுப் போன தோசைத் துண்டும் உங்கள் வயிற்றில்தான் சேர்கிறது. குப்பையில் போடுவதும் உடம்பில் போடுவதும் வீண்தான். முன்னதால் நோய் வருவதில்லை. உங்கள் பங்குக் காயை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் தன்னலம் என்று கூறமாட்டார்கள். கூறினாலும் பொருட்படுத்த வேண்டாம்.

உணவு பாதி, நடை பாதி. இதற்குச் சான்றாகச் சென்னையிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைத் தேர்ந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கவும் அறிவுரை பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கே வந்தது. இதில் வியக்கத்தக்கது யாதெனில், நலம் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை! எடைக் கருவியில் முள் அசையவில்லையே என்று பத்தாம் நாளே நடையைக் கைவிடும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். முள் அசையாதபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எவ்வளவு நடப்பது? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. பத்தாயிரம் அடி என்று பலர் ஓதுகிறார்களே, அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்த எண், ஆராய்ச்சியில் பிறந்ததன்று. அவ்வளவு முடியாதவர் அஞ்ச வேண்டியதில்லை. பேசிக்கொண்டே நடக்க முடியும், ஆனால் பாட முடியாது என்னும் வேகமே போதிய வேகம். ஏரிக்கரைக்கு நண்பர்களோடு சென்று பெஞ்சில் அமர்ந்து அரசியல் பேசிவிட்டுத் திரும்புவது நடைக்கணக்கில் சேராது.

கொல்கத்தாவின் குளிர்காலத்தில் அதிகாலைப் பனியோடு புகையும் தாழ்ந்து நிற்கும். அம்மாதங்களில் இருள் பிரியுமுன் புறப்படாமல், வெயில் ஏறிய பிறகு செல்வது நுரையீரலுக்கு நல்லது. இருமலும் இளைப்பும் உடையவர்களுக்கு இது மிகவும் அவசியம். மழைக்காலத்தில் வீட்டு வராந்தாவும் மாடிப்படியும் இருக்கின்றன. இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் மெல்ல உலாவி வந்தால், உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை தணியும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை தருவதும் வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதே முதியவர்களுக்கு நல்ல தேகப்பயிற்சிதான். பிள்ளைகள் பெங்களூருக்கும் அயல்நாட்டுக்கும் சென்றுவிட, இருவர் மட்டுமே வாழும் வீடுகள் நம்மிடையே பெருகிவிட்டன. அங்கே கால் வலிமை என்பது பிறர் கையை எதிர்பாராமல் வாழும் வலிமை.

பதினைந்து நாளில் பத்துக் கிலோ குறைக்கலாம் என்ற விளம்பரங்களை நம்பிப் பட்டினி கிடக்காதீர்கள். அப்படிக் குறைவதில் பெரும்பகுதி நீரும் தசையும். மீண்டு வருவதோ கொழுப்பு. மாதத்துக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், உணவின் அளவை மாற்றுமுன்னும் நீண்ட நடை தொடங்குமுன்னும் வைத்தியரைக் கலந்துகொள்வது கட்டாயம்; மருந்து பழைய அளவிலேயே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரக்கூடும். ஏரிக்கரைக்குச் செல்லும்போது இவர்கள் சட்டைப்பையில் நான்கு கற்கண்டுத் துண்டும், நோயின் விவரமும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டைத் தமிழில் மட்டும் எழுதாமல் வங்காளியிலும் எழுதி வையுங்கள்.