சினைப்பைப் புற்றுநோய்: எந்த ஸ்கேன் எதற்கு?



"இருக்கிறதுலேயே பெரிய ஸ்கேனா எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் பலர். ஸ்கேனில் பெரிது, சிறிது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

கட்டி இருக்கிறதா? முதலில், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. வெறும் நீர்க்கட்டியா, உள்ளே திடப்பகுதி உண்டா என்று காட்டும். அதில் தெளிவில்லையென்றால் எம்.ஆர்.ஐ. எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியதோ என்ற சந்தேகத்துக்குப் பெட்-சி.டி. உதவும்.

தொந்தரவே இல்லாதவர்களுக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கலாமே? மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களைச் சேர்த்து பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். 2021-ல் வெளிவந்த முடிவு: இறப்பு குறையவில்லை.

ஆனால் தொந்தரவு இருப்பவரை விட்டுவிடலாமா? என் பெரியம்மா வயிற்று உப்புசத்துக்கு நாலு மாசம் வாயு மாத்திரை சாப்பிட்டார். ஸ்கேன் எடுக்க யாரும் சொல்லவில்லை. டாக்டரான நானும் கேட்கவில்லை. கடைசியில் சி.டி. எடுத்தபோது நோய் பரவியிருந்தது.

மாணவர்களே, ஐம்பது தாண்டிய அம்மா ஒருவர், "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிடுது" என்று வாரக்கணக்கில் சொன்னால், முதலில் காது கொடுங்கள். அப்புறம் ஸ்கேனுக்கு எழுதுங்கள்.