வாத்துக் குஞ்சின் கால் தளர்ச்சி



ஈப்போவைச் சூழ்ந்த பழைய ஈயக்குட்டைகளில் வாத்து வளர்ப்பு நெடுநாளைய தொழிலாகும். தோட்டத்து வீடுகளிலும் பலர் நான்கைந்து குஞ்சுகளை வளர்க்கின்றனர். ஒரு குஞ்சு கணுக்கால் வீங்கி, கால் வளைந்து, எழ மாட்டாமல் அமர்ந்துவிட்டால், "இது தேறாது" என ஒதுக்கிவிடுதல் முறையன்று. பல வேளைகளில் குறை குஞ்சிடம் இல்லை, தீவனத்தில்தான் உள்ளது.

வாத்துக் குஞ்சின் ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நயசின் என்னும் உயிர்ச்சத்து வேண்டும். கோழிக் குஞ்சுக்கு அதில் ஏறத்தாழப் பாதி போதும். ஆகவே, கோழித் தீவனமோ வெறுஞ்சோறோ மட்டும் தின்னும் வாத்துக் குஞ்சின் கால்கள் தளர்கின்றன.

இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், 1890ஆம் ஆண்டுகளில், தீட்டிய அரிசி தின்று கால் தளர்ந்த கோழிகள் தவிடு உண்டு தேறியதை டாக்டர் எய்க்மன் கண்டார். அது வேறோர் உயிர்ச்சத்தின் குறை. எனினும் பாடம் ஒன்றே.

செய்ய வேண்டியவை இவை: சத்துணவாக விற்கப்படும் ஈஸ்ட் தூளை, ஒரு குவளைத் தீவனத்திற்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் நாள்தோறும் கலந்து கொடுங்கள். ரொட்டிக்கான ஈஸ்ட் இதற்கு ஆகாது. வழுக்கும் நாளிதழுக்குப் பதிலாகச் சாக்கு விரியுங்கள். தீவனத்தின் அருகிலேயே நீர் வையுங்கள். மற்றக் குஞ்சுகள் மிதிக்காதவாறு பிரித்து வையுங்கள்.

சில நாள்களில் முன்னேற்றம் இல்லையெனில், கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தை நாடுங்கள். காலம் கடந்தால் வளைந்த எலும்பு நிமிராது. முதல் நாளிலேயே கவனித்தால் குஞ்சு பிழைக்கும்.